பேரிங் வாங்க நம்பர் மட்டும் போதாது

போன சீசனில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் பல்ப்பர், அதாவது காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின், ஓடாமல் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். பழம் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது, பறித்த அன்றைக்கே தோல் உரிக்காவிட்டால் புளிக்க ஆரம்பித்துவிடும். கழற்றிப் பார்த்தால் பேரிங்கில் கிரீஸ் என்று சொல்ல எதுவுமே இல்லை, பழச்சாறும் தண்ணீரும் கலந்த பழுப்புச் சேறுதான் இருந்தது, பந்துகள் எல்லாம் துரு. சீசனுக்கு முன்னால்தான் புதிதாகப் போட்டார்களாம். நம்பர் சரிதான், 6205, கழற்றிப்போட்ட பழையதும் அதே 6205. ஆனால் பழையது 2ஆர்எஸ் (2RS, ரப்பர் மூடி), புதியது இசட்இசட் (ZZ, தகட்டு மூடி). கடையில் இதுதான் இருக்கிறது, அளவு ஒன்றுதான் என்று கொடுத்திருக்கிறார்கள், இவர்களும் வாங்கி வந்துவிட்டார்கள். பேரிங் நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்தை யாரும் படிப்பதில்லை, பாதிப் பேரிங் அதனால்தான் சீக்கிரம் போகிறது என்பது என் அனுபவம்.

முதலில் நம்பர். 6205-ல் 6 என்றால் ஒற்றை வரிசை டீப் குரூவ் பால் பேரிங். அடுத்த 2 என்பது சீரிஸ், அதாவது தடிமன். கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்கினால் ஷாஃப்ட் அளவு 25 மி.மீ. இந்தக் கணக்கு 04-லிருந்துதான் பொருந்தும், அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. அதே 25 ஷாஃப்டுக்கு 6005, 6205, 6305 மூன்றும் உண்டு. வெளிவிட்டம் முறையே 47, 52, 62 மி.மீ. பழையதில் எழுத்து அழிந்திருந்தால் வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள்.

இப்போது எழுத்து. இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி, அது உள்வளையத்தைத் தொடாது, மயிரிழை இடைவெளி இருக்கும். பெரிய தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல், உள்வளையத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் கொஞ்சம் சூடாகும், வேக வரம்பும் குறைவு, 6205 அளவில் நிமிடத்துக்கு எட்டு ஒன்பதாயிரம் சுற்று வரைக்கும்தான். நம் ஊர் மெஷின்களில் பெரும்பாலானவை 1,440-ல் ஓடும் மோட்டாரிலிருந்து பெல்ட் வாங்கி ஓடுபவை, அதற்கு இது தாராளம். ஆத்தூர்ப் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கிழங்கு அரைக்கும் இடம், காப்பி பல்ப்பர், தண்ணீர் தெறிக்கும் எதுவாக இருந்தாலும் 2ஆர்எஸ்தான் வாங்க வேண்டும். இளம்பிள்ளையில் தறி ஓட்டுபவர்களுக்கும் அதையேதான் சொல்வேன், பஞ்சுத்தூசி உள்ளே போனால் கிரீஸை உறிஞ்சிக் காய வைத்துவிடும். 100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இடத்தில் மட்டும் சாதாரண ரப்பர் சீல் தாங்காது.

அப்புறம் சி3. கடையில் இதை ‘ஹெவி குவாலிட்டி’ என்று சொல்லி விற்பதைக் காதால் கேட்டிருக்கிறேன். தரத்துக்கும் சி3-க்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே பந்துக்கும் வளையத்துக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி சாதாரணத்தைவிடக் கூடுதல், அவ்வளவுதான். ஷாஃப்டில் இறுக்கமாக ஏற்றும்போது உள்வளையம் விரியும், ஓடிச் சூடாகும்போது இன்னும் விரியும், அதற்கு இடம் வேண்டும் என்று மோட்டாருக்கும் சூட்டில் ஓடும் மெஷினுக்கும் சி3 போடுகிறார்கள். சூடும் இல்லை, இறுக்கமும் இல்லை என்றால் சாதாரணமே போதும். பழையதில் சி3 என்று இருந்தால் மாற்றாமல் அதையே கேளுங்கள்.

சைஸ் சரிதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு கணக்கு இருக்கிறது. கேட்டலாக்கில் டைனமிக் லோடு என்று பேரிங்கின் சுமைத்திறன் இருக்கும், அதை உங்கள் லோடால் வகுத்து, வந்த எண்ணை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். விடை, பேரிங் எத்தனை பத்து லட்சம் சுற்று ஓடும் என்று சொல்லும். 6205-க்கு சுமார் 1,400 கிலோ. பெல்ட் இழுப்பு 280 கிலோ என்றால் 5, அதை 5×5×5 என்று பெருக்கினால் 125, அதாவது 12.5 கோடிச் சுற்று. 1,440 வேகத்தில் அது ஏறக்குறைய 1,450 மணி நேரம். இரவு பகலாக மூன்று ஷிப்ட் ஓடினால் இரண்டே மாதம். 6305-க்கு சுமார் 2,100 கிலோ, அதே இழுப்பில் 4,900 மணி நேரம் வரும். பெல்ட்டை வீணாக இறுக்கி லோடை இரட்டிப்பாக்கினால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும், அதனால் பேரிங்கைப் பெரிதாக்கி ஹவுசிங்கை (பேரிங் உட்காரும் கூட்டை) லேத்தில் கடைவதற்கு முன்னால் பெல்ட்டைப் பாருங்கள்.

ஆங்கிளில் வெல்டிங் அடித்த ஃபிரேமாக இருந்தால் இன்னொன்று. டீப் குரூவ் பேரிங் கோணலைத் தாங்காது, ஒரு டிகிரிகூட இல்லை, அதில் சிறு பங்குதான். இரண்டு பக்க ஹவுசிங்கும் நேராக நிற்காது என்று தெரிந்தால் யூசிபி (UCP) பிளாக்குக்கு மாறிவிடுங்கள், அதில் பேரிங்கின் வெளிப்பக்கம் பந்துபோல வளைந்திருப்பதால் மாட்டும்போது கூட்டுக்குள் கொஞ்சம் சாய்ந்துகொடுக்கும்.

வாங்கும்போது பில் கேளுங்கள், கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடமே வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைத்தால் அது டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மாட்டும்போது ஷாஃப்டில் டைட்டாக ஏறும் பேரிங்கை உள்வளையத்தில் பைப் வைத்துத்தான் தள்ள வேண்டும், வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் பந்து வளையத்தில் பள்ளம் பதித்துவிடும், முதல் நாளிலிருந்தே சத்தம் கேட்கும். 2ஆர்எஸ் பேரிங்கை எண்ணெயில் போட்டுக் காய்ச்சாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டுவிடும்.