கனத்த கிளையை மூன்று வெட்டில் இறக்குவது எப்படி?

மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், கிளை பாதியில் ஒடிந்து தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். அந்தக் காயத்தில் பூஞ்சை இறங்கும்.

தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, முதலில் கிளையின் கீழ்ப்பக்கத்தைக் கால்வாசி ஆழம் அறுக்கவும். அதற்கு மேல் போனால் கிளையின் கனம் அமுக்கி ரம்பம் சிக்கிக்கொள்ளும். அந்த வெட்டிலிருந்து இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை விழுந்துவிடும். மிச்சக் கட்டையை, தண்டருகே புடைத்திருக்கும் வளையத்துக்குச் சற்று வெளியே அறுக்கவும். வளையத்தைத் தொடவே கூடாது. காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும். தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம்.

ஹெல்மெட்டும் கண்ணாடியும் மட்டும் போதாது. மரத்தின் மேலே செயின்சா (மோட்டார் ரம்பம்) ஓட்டும்போது ஹார்னஸை (உடலைத் தாங்கும் பாதுகாப்புப் பட்டையை) இரண்டு கயிற்றால் மரத்தோடு கட்டியிருக்க வேண்டும்; ஒன்றை ரம்பம் அறுத்தாலும் மற்றது தாங்கும். அருகில் மின்கம்பி போனால், மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஏறவும்.