எந்த ஊர்க் குழி?

மன்னார்குடிப் பக்கம் நிலத்தை இன்னும் மா, குழி என்றுதான் பேசுவோம். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பண்ணைக் கணக்கு வைக்கும் ஓர் ஓப்பன் சோர்ஸ் செயலியில் (கோட் எல்லோருக்கும் திறந்திருக்கும்) இந்த அளவுகள் இல்லை. யாரிடமும் கேட்காமல் பதினொரு ராத்திரி உட்கார்ந்து எழுதி, என் கோடைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டேன். மூணு மா ஒரு ஏக்கர் என்று ஊரே சொல்கிறதே, அதையே வைத்துக்கொண்டேன்.

செயலியைப் பராமரிப்பவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஊர்க் குழி?"

அப்பாவிடம் போனேன். "நமக்கு 12 அடிக் கோலு, குழி 144 சதுர அடி. வேற ஊர்ல கோலே வேற" என்றார். கணக்குப் போட்டால் மூணு மா 43,200 சதுர அடி; ஏக்கரோ 43,560. இரண்டரைக் குழியைக் காணோம்! டேட்டாபேஸில் எல்லாவற்றையும் ஏக்கராகவே சேமித்திருந்தேன். அத்தனையும் வீண்.

இப்போதெல்லாம் முதலில் பழைய இஷ்யூக்களை, அதாவது திட்டத்தில் பதிவான குறைகளையும் கோரிக்கைகளையும், தேடுவேன், மூடியவற்றையும் சேர்த்து. அப்புறம், கோட் எழுதும் முன்பே, யோசனையை ஒரே பக்கத்தில் குறிப்பாக எழுதி மற்றவர்களிடம் காட்டுவேன். யாருக்கு என்ன சிரமம் என்பது முதல் பத்தி; தீர்வை அதில் நுழைக்காதீர்கள். அடுத்து ஓர் உதாரணத்தைக் கடைசிவரை ஓட்டிக் காட்டுங்கள்: 7 மா 40 குழி என்று உள்ளிட்டால் 1,06,560 சதுர அடி சேமிப்பாகும், திரையில் மறுபடி மாவும் குழியும் வரும். வேண்டாமென்று விட்ட வழிகளையும் காரணத்தோடு எழுதுங்கள். பைத்தான் நிரல்மொழியில் மாற்றங்களை முன்மொழியும் பெப் (PEP) ஆவணங்களில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. நான் முதலில் படிப்பதும் அதைத்தான்.

"கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். "குழியின் அளவைப் பயனர் தரட்டுமா, மாவட்டவாரியாக நாமே வைக்கலாமா?" என்று கேளுங்கள், பதில் வரும். கெடுவும் சொல்லிவிடுங்கள். ரஸ்ட் நிரல்மொழித் திட்டத்தில் முடிவுக்கு முன் கருத்துச் சொல்ல கடைசியாக 10 நாள் விடுகிறார்கள். சின்னத் திட்டத்துக்கு ஒரு வாரம் போதும்.

கோட் எழுதிப் பார்த்தால்தான் யோசனை ஓடுமா? சரி, எழுதுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் அப்படிப்பட்ட பேட்சின் (கோட் மாற்றத்தின்) தலைப்பில் ஆர்எஃப்சி (கருத்துக் கேட்கிறோம்) என்று போட்டு அனுப்புவார்கள், பேசிப் பார்ப்பதற்காக. எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கெல்லாம் குறிப்பு வேண்டாம், நேரே அனுப்புங்கள்.

இரண்டாம் தடவை கோட் எழுத இரண்டு சாயங்காலம்தான் ஆனது. அப்பா போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "சென்ட்ல காட்டாதா?" என்றார். இஷ்யூ போட்டிருக்கிறேன். கோட் இன்னும் தொடவில்லை.