பழைய ராலே சைக்கிள் வாங்கும் முன்

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் பழைய ராலே, ஹம்பர் சைக்கிள்களுக்கு இப்போது யானை விலை சொல்கிறார்கள். "தாத்தா காலத்து வண்டி" என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மூன்று கியர் உள்ள, ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் ஹப் என்றால் பெரும்பாலும் தயாரான ஆண்டு அதிலேயே பொறித்திருக்கும். 58 என்றால் 1958. ஆனால் சக்கரம் பிற்பாடு மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம்.

புதுப் பெயிண்ட் என்றால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். சீட்டைத் தாங்கும் குழாயைத் தளர்த்தி மேலே இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் உள்ளே துரு இறுகிவிட்டது. வாய்க்கால் கரையில் நனைந்த வண்டிகளிலும், நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்று பட்டவற்றிலும் இது சகஜம். அடுத்து, ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தின் அடிப்புறத்தில் விரலை ஓட்டுங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் எங்கோ மோதிய வண்டி, பேரமே வேண்டாம்.

இங்கிலாந்து ராலேயின் செயின் சக்கரத்தில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். அது அசலாக இருந்தால் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். டயர், செயின், பிரேக் கட்டை தேய்ந்திருப்பதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேளுங்கள். அவற்றை எளிதாக மாற்றிவிடலாம்.