அணுமின் நிலைய வெல்டுகளைச் சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சியிலும் சென்னையிலும் லெவல் டூ (வெல்டு சோதனைக்கான தகுதிச் சான்றிதழ்) முடித்துவிட்டு மும்பைக்கு வரும் தம்பிகள் பலர், செம்பூரில் அறை எடுத்துத் தங்கி தளோஜா பக்கத்துப் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அணுமின் நிலையங்களுக்குப் போகும் குழாய்களின் வெல்டுகளைச் கதிர்வீச்சுப் படம், சாயம், ஒலி என்று பல வழிகளில் சோதிக்கும் வேலை. ஒரு காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர் இல்லாமல் கதிரியக்கப் பொருள் உள்ள கேமராவை நெருங்கக் கூடாது, உடலில் விழும் கதிர்வீச்சைப் பதியும் டிஎல்டி பேட்ஜை மறக்கக் கூடாது என்பதெல்லாம் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பூஜ்யத்தையும் திசையையும் குறிக்காமல் படம் எடுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ஜாயிண்டைச் சுற்றி ஈய எண்கள் பதித்த பட்டையைக் கட்டிப் படம் எடுக்கிறோம். எண்கள் எங்கே தொடங்குகின்றன, எந்தப் பக்கம் போகின்றன என்ற இரண்டும் குழாயின் மேலேயே அழியாமல் இருக்க வேண்டும். இரவு ஷிப்டில் யாராவது பட்டையைத் திருப்பிக் கட்டிவிட்டால், படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடர்த்தி (படத்தின் கருமை) சரியாக இருக்கும், படத்தின் தரத்தைக் காட்டும் ஐக்யூஐ கம்பி தெரியும், எண்களும் தெளிவாக விழுந்திருக்கும்.

ஒரு பட்டறையில் ஆறு அங்குல எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய். படத்தில் 12-க்கும் 13-க்கும் நடுவே லேக் ஆஃப் ஃப்யூஷன், அதாவது உலோகம் சரியாக உருகி ஒட்டாத பழுது. ரிப்பேர் என்று அறிக்கை போனது. கிரைண்டிங் செய்தவர் வலச்சுற்றாக அளந்து தோண்டினார். பட்டை கட்டப்பட்டிருந்ததோ இடச்சுற்றாக. நல்ல வெல்டைத் தோண்டி மறுபடி நிரப்பினார்கள். பட்டையை அதே ஆள் அதே மாதிரி கட்டியதால், ஆர்1 (முதல் ரிப்பேருக்குப் பின் எடுத்த) படத்திலும் அதே எண்களுக்கு நடுவே அதே கோடு. வெல்டர் சரியில்லை என்று திட்டிவிட்டு இரண்டாவது ரிப்பேரும் எழுதினார்கள். அந்த வேலையின் நடைமுறைப்படி இரண்டுக்கு மேல் அனுமதி கிடையாது. ஜாயிண்டை வெட்டி எடுத்தார்கள். ரிப்பேர் செய்ததில் வெல்டரின் கைத்திறனில் ஒரு குறையும் இல்லை. பெயர் கெட்டது அவருக்குத்தான்.

ரிப்பேருக்கு வரம்பு வைப்பது சும்மா இல்லை. 304 வகை எஸ்எஸ் 425 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் அதிக நேரம் இருந்தால், உலோகத்தின் தானிய (நுண்படிக) ஓரங்களில் குரோமியம் கார்பைடு படிந்து அந்த இடம் அரிப்புக்கு எளிதில் இரையாகிவிடும். ஒவ்வொரு ரிப்பேரும் வெல்டின் அக்கம்பக்கத்தை மறுபடி அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகிறது.

அதனால் பூஜ்யக் குறி, அம்புக்குறி, 'நீரோட்டத் திசையில் பார்க்க வலச்சுற்று' என்ற குறிப்பு மூன்றும் வரைபடத்திலும் குழாயிலும் இருக்கட்டும். கிரைண்டர் தொடுவதற்கு முன் ஃபிலிமைக் குழாயின் மேல் வைத்து, எண்களோடு எண்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஆர்1-இல் பழுது அச்சு அசலாக அதே உருவத்தில் இருந்தால் இரண்டாவது ரிப்பேர் எழுதாதீர்கள். தோண்டி நிரப்பிய இடத்தில் பழைய கோடு அப்படியே இருக்க வழியே இல்லை. இரண்டு ஃபிலிம்களையும் வியூவரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

எஸ்எஸ் மேல் கையில் கிடைத்த மார்க்கர்

குளோரைடு உள்ள மை, டேப், டிபி (விரிசலில் சாயம் இறக்கிப் பார்க்கும் சோதனை) திரவம் எதுவும் ஆகாது. இழுவிசை இருக்கும் இடத்தில் குளோரைடு தங்கினால் பின்னாளில் விரிசல் விடும். டப்பாவில் அச்சடித்திருப்பதை நம்பாமல், அந்த பேட்சின் சான்றிதழில் ஹாலோஜன் (குளோரின் போன்றவை) அளவைப் பாருங்கள்.

கிரைண்டிங் முடிந்த சூட்டோடு டிபி

சக்கரம் உலோகத்தை இழுத்து விரிசலின் வாயை மூடிவிடும், சாயம் உள்ளே போகாது. சூடு வேறு. வழக்கமான டிபி முறை 5 முதல் 52 டிகிரி வரைதான். மே மாத வெயிலில் ஷெட்டுக்கு வெளியே கிடந்த குழாய் அதைத் தாண்டியிருக்கலாம். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஜாயிண்டை நேரில் பார்க்காமல் ஃபிலிம் படிப்பது

கூடவே கூடாது.

கார்பன் ஸ்டீல் பிளாக்கில் காலிபரேட் செய்து எஸ்எஸ் வெல்டில் யூடி பார்ப்பது

யூடி என்பது மீயொலியை அனுப்பிச் சோதிப்பது; கருவியைச் சரிப்படுத்த வைக்கும் மாதிரிக் கட்டிதான் பிளாக். இரண்டு உலோகங்களிலும் ஒலியின் வேகமே வேறு. அதோடு எஸ்எஸ் வெல்டின் பெரிய தானியங்கள் ஒலியைச் சிதறடித்துத் திசையையும் மாற்றிவிடும். அதே உலோகத்தில், அதே மாதிரி வெல்டோடு செய்த பிளாக் கேளுங்கள். அது வரும்வரை, ஒலியை அனுப்பும் ப்ரோபைக் கையில் எடுக்காதீர்கள்.