கிண்ணம் நிறைய உமி: பறவைத் தீனியில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பட்ஜி என்கிற சின்னக் கூண்டுக் கிளியை வாங்கிய ஒரு மாதத்துக்குள் யாராவது போன் செய்து, "பறவை உம்மென்று உட்கார்ந்திருக்கிறது, என்ன மருந்து தரலாம்?" என்று கேட்பார்கள். தீனிக் கிண்ணத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். நாங்களெல்லாம் ஆரம்பத்தில் செய்த அதே கூத்துதான், ஆள் மட்டும் புதுசு. சாக்லேட் தராதே, உப்புப் போட்ட சிப்ஸ் தராதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

"கிண்ணம் நிறையத்தானே இருந்துச்சு?"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

பட்ஜி தினையை முழுதாக விழுங்காது. அலகுக்குள் வைத்து நாக்கால் உருட்டி, உமியை உரித்துத் துப்பிவிட்டு உள்ளே இருக்கிற அரிசியை மட்டும் தின்னும். துப்பிய உமி அதே கிண்ணத்தில்தான் விழும். நிறமும் வடிவமும் அப்படியே தினை போலத்தான் இருக்கும். தின்னத் தின்ன தினை குறையும், உமி ஏறும். தூரத்திலிருந்து பார்த்தால் கிண்ணம் ததும்பும்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு பட்ஜிகளை மாடி வீட்டு மாமியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். மாமி பாவம், தினமும் தண்ணீர் மாற்றினார், கிண்ணத்தையும் எட்டிப் பார்த்தார். நிறைய இருந்ததால் தீனி போடவில்லை. அவன் திரும்பி வந்தபோது ஒன்று செத்துக் கிடந்தது, மற்றது இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கியிருந்தது. கடையில் "சளி பிடிச்சிருக்கு" என்று தண்ணீரில் கலக்க ஏதோ பொடி கொடுத்தார்களாம். என்னிடம் வந்தபோது கிண்ணத்தையும் கொண்டுவரச் சொல்லி ஒரு ஊது ஊதினேன். உமி முழுக்கப் பறந்து அவன் சட்டையில் ஒட்டியது. அடியில் காய்ந்த எச்சமும் பத்துப் பதினைந்து தினையும்தான் மிச்சம். "அண்ணா, கிண்ணம் நிறையத்தானே இருந்துச்சு?" என்றான். என்ன சொல்வது!

ஒரு பட்ஜியின் எடையே 30 முதல் 40 கிராம்தான். உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே தளர்ந்துவிடும், இரண்டு நாள் என்றால் உயிருக்கே ஆபத்து. எச்சம் குறைந்து கரும்பச்சையாக இருந்தால், மருந்து தேடும் முன் வயிற்றுக்கு ஏதாவது போகிறதா என்று பாருங்கள். மார்பெலும்பைத் தடவினால் கத்தி முனை போல உறுத்துகிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு ஒரு தம்பித் தவறும் உண்டு. உமி மேலேயே புதுத் தினையைக் கொட்டுவது. அடியில் கிடக்கும் பழைய தீனியில் எச்சமும் ஈரமும் சேர்ந்து, ஐப்பசி மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சண நஞ்சு ஈரலைத்தான் முதலில் கெடுக்கும். ஆகவே தினமும் காலையில் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். மிச்சம் சுத்தமாக இருந்தால் முறத்தில் புடைத்து மறுபடி போடலாம், வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். ஒரு பட்ஜிக்கு ஒரு நாளைக்கு இரண்டு டீஸ்பூன் தினை தாராளம். ஊருக்குப் போகிறீர்களா? பார்த்துக்கொள்பவர் முன்னால் ஒருமுறை ஊதிக் காட்டிவிட்டுப் போங்கள்.

கூண்டுக்குக் கீழே சிதறிய உமியைப் பார்த்து "எல்லாம் வீணாக்குது" என்று தீனியைக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசினால் ரத்த அழுத்தம் ஏறும்.

மிக்ஸ் பாக்கெட்

பாக்கெட்டில் கறுப்பு வெள்ளையாகச் சூரியகாந்தி விதை நிறைந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். காக்டெய்ல் (cockatiel, கொண்டை வைத்த கூண்டுக் கிளி) அதைத்தான் முதலில் பொறுக்கும். சூரியகாந்திப் பருப்பில் பாதிக்குப் பாதி கொழுப்பு. நாள் முழுக்கக் கூண்டில் உட்கார்ந்திருக்கிற பறவைக்கு அது ஈரலில் போய்ப் படியும். சூரியகாந்தி தீர்ந்ததும் இரக்கப்பட்டு இன்னொரு பிடி போட்டால், மற்றதைத் தொடாமல் காத்திருக்கப் பழகிவிடும். கெட்டிக்காரப் பிறவிகள். பட்ஜிக்குச் சூரியகாந்தியே வேண்டாம். காக்டெய்லுக்கு எண்ணிப் போடுங்கள்.

தினை மட்டும் போதும் என்பது

போதாது. தினையில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், சுண்ணாம்புச் சத்தும் சொற்பம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, தினையில் அதில் பத்தில் ஒரு பங்குதான். பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் தங்கிப்போவதற்கு இந்தக் குறை ஒரு முக்கியக் காரணம். கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு) ஒன்றைக் கூண்டில் கட்டிவிடுங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் தினமும் கொஞ்சம். முதல் வாரம் திரும்பிக்கூடப் பார்க்காது. நீங்கள் நிறுத்தாதீர்கள்.

மளிகைக்கடைத் தினை அரிசி

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு எந்தக் கடையிலும் தினை அரிசி கிடைக்கிறது. அது நமக்கு. உமி நீக்கிய தானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், முளைக்கவும் செய்யாது. பறவைக்கு உமியோடு இருக்கிற தினையை வாங்குங்கள். சந்தேகமா? ஒரு ஸ்பூன் எடுத்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள். மூன்று நாளில் பெரும்பாலானவை முளைவிட்டால் நல்ல சரக்கு.

விதைக்கடை விதை

சாயம் பூசியிருந்தால் மருந்து கலந்தது. தொடாதீர்கள்.

மணல், கல்

புறா தானியத்தை முழுதாக விழுங்கும், அதற்குக் கல் வேண்டும். உரித்துத் தின்னும் பட்ஜிக்கு வேண்டாம்.

பச்சைக்கிளிக்கு என்ன தரலாம்?

வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஒரே நாளில் பெல்லட்டுக்கு மாற்றுவது

தினையிலேயே வளர்ந்த பறவைக்கு பெல்லட் (அரைத்துக் குருணையாக உருட்டிய கடைத் தீனி) ஒரு தீனி என்றே தெரியாது. பசித்தால் தின்னும் என்று விட்டால் பட்டினியாகவே கிடக்கும். பழைய தீனியோடு கலந்து, பல வாரம் எடுத்து மெதுவாக மாற்றுங்கள். அந்த நாட்களில் சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் காலையில் எடை பாருங்கள். 35 கிராம் பறவை 32க்கு இறங்கினால் அன்றே பழைய தீனிக்குத் திரும்புங்கள். அதன் பிறகும் ஏறவில்லையா, பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.