பழைய சிப்பை எந்தக் கம்பெனி செய்தது? கண்டுபிடிக்கும் வழி

பழைய ஐசியின், அதாவது சிப்பின், எண்ணைத் தேடலில் போட்டால் அது என்ன சிப் என்று தெரிந்துவிடும். யார் செய்தது என்பதுதான் தலைவலி. 6502 என்ற ப்ராசசரை வடிவமைத்தது மாஸ் டெக்னாலஜி. ஆனால் ராக்வெல்லும் சினெர்டெக்கும்கூட அதைத் தயாரித்து விற்றன. சேகரிப்பவருக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

1. எழுத்தைப் படியுங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் ஒரு டார்ச்சும் போதும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழ வேண்டும். யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் எனக்குப் பிடிக்காது. சிப்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும் சௌகரியம் அதில் இல்லை. லேசரில் பொறித்த எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸைத் தேய்த்துத் துடையுங்கள், பள்ளத்தில் வெள்ளை தங்கிவிடும். மையில் அச்சிட்டதென்றால் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். அழுக்கோடு எழுத்தும் போய்விடும்.

2. லோகோ

டெக்சாஸ் மாநில வரைபடம் என்றால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். வட்டத்துக்குள் இறக்கை விரித்த 'எம்' என்றால் மோட்டோரோலா. லோகோ தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

3. முன்னெழுத்து

சிப்பின் எண்ணுக்கு முன்னால் ஒட்டி வரும் எழுத்துகள் இவை: எஸ்என் (SN) - டெக்சாஸ், டிஎம் (DM) - நேஷனல் செமிகண்டக்டர், எம்சி (MC) - மோட்டோரோலா, எச்டி (HD) - ஹிட்டாச்சி, எம்பி (MB) - ஃபுஜிட்சு, எம்கே (MK) - மாஸ்டெக். இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எல்எம் நேஷனலின் முன்னெழுத்து, ஆனால் அதே பெயரில் வேறு பலரும் விற்றிருக்கிறார்கள். லோகோவும் முன்னெழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் நான் லோகோ பக்கம்தான்.

4. நான்கு இலக்க எண்

நான் ரொம்ப நாள் திணறியது இங்கேதான். பெரும்பாலான சிப்களில் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும்: முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 7834 என்றால் 1978-இன் 34-வது வாரம். சரி, ஒரே சிப்பில் எஸ்என்7404என் என்றும் கீழே 7432 என்றும் இருந்தால்? 7432 என்றொரு சிப்பும் உண்டு! எழுத்து ஒட்டியிருப்பது சிப்பின் பெயர். தனியாக நிற்பது தேதி. இன்னொரு சோதனை: வாரம் 53-ஐத் தாண்டாது. ஆகவே 7474, 8080, 8255 எல்லாம் தேதியாக இருக்கவே முடியாது. 8251, 8228 இரண்டும் சிப்பின் பெயராகவும் இருக்கலாம், தேதியாகவும் இருக்கலாம், அங்கே கவனம். அப்புறம், அந்தச் சிப் வெளிவந்த ஆண்டுக்கு முந்தைய தேதி வந்தால் எங்கோ தவறு: இசட்80 ப்ராசசர் வந்ததே 1976-இல், அதில் 7412 எப்படித் தேதியாகும்?

5. நாட்டின் பெயர்

மலேசியா, பிலிப்பைன்ஸ், எல் சால்வடார் என்றெல்லாம் இருக்கும். பெரும்பாலும் அது உறையிட்ட இடம்தான். கம்பெனியின் நாடு அல்ல.

பிற்சேர்க்கை: "இன்டெல் 1982 என்று போட்டிருக்கிறது, லோகோவோ ஏஎம்டி" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது 80286 ப்ராசசர். அந்த வரி வடிவமைப்பின் பதிப்புரிமைக் (காப்பிரைட்) குறிப்பு மட்டுமே; செய்தது ஏஎம்டி. 1982 தயாரிப்பு ஆண்டும் அல்ல, தேதிக் குறியீட்டைத் தனியே தேடுங்கள். இன்னொருவரின் சிப்பில் 1820 என்று தொடங்கும் எண் மட்டுமே இருந்ததாம். அது ஹியூலெட் பேக்கார்டின் சொந்தப் பாக எண். வேறு கம்பெனிகள் செய்து கொடுத்த சிப்களிலும் அந்த எண் இருக்கும் என்பதால், அங்கே லோகோ ஒன்றுதான் துணை.