கார் ஆம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு தடிமனான பவர் கேபிள் வேண்டும்?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஆம்ப் வாங்கப் போனால் கூடவே ஒரு வயரிங் கிட்டையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். உறையில் '4 கேஜ்' என்று கம்பியின் தடிமன் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். காசு எடுப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுங்கள்.

1. வாட்ஸை விடுங்கள், ஃப்யூஸைப் பாருங்கள்

பெட்டியில் இருக்கும் '1200 வாட்ஸ் மேக்ஸ்' விளம்பரத்துக்கு. ஆம்ப்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃப்யூஸ்தான் உண்மை பேசும். இரண்டு 30 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால் மொத்தம் 60 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13.8 வோல்ட்டில் அது 828 வாட்ஸ். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப்பே அதில் சுமார் 80 சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்குத் தரும்; ஏபி வகை பாதிக்குக் கொஞ்சம் மேலே. பிறகு 1200 எங்கிருந்து வரும்?

2. நீளத்தை அளங்கள்

பேட்டரியிலிருந்து ஆம்ப் உட்காரும் டிக்கி வரை, கேபிள் போகப்போகிற வழியிலேயே ஒரு கயிற்றை ஓட்டி அளங்கள். ஹேட்ச்பேக்கில் 5 மீட்டர் பக்கம் வரும்.

3. கணக்கு

ஆம்பியர் × மீட்டர் × 0.0175. இதைக் கேபிளின் செம்புப் பரப்பால், அதாவது ஸ்கொயர் எம்எம்மால் வகுத்தால், வழியில் எத்தனை வோல்ட் காணாமல் போகும் என்று தெரியும். நம் உதாரணத்தில் 60 × 5 × 0.0175 = 5.25.

8 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.66 வோல்ட் போய்விடும். 16 என்றால் 0.33. 25 என்றால் 0.21. அரை வோல்ட்டுக்குள் நிற்கட்டும் என்பது என் அளவுகோல். ஆகவே 16 போதும். பின்னால் இன்னொரு ஆம்ப் சேர்க்கும் ஆசை இருந்தால் இப்போதே 25 இழுத்துவிடுங்கள், கார்பெட்டை இரண்டு தடவை கழற்றுவது பெரிய தொல்லை. ஆனால் ஆம்ப்பின் டெர்மினலில் அந்தத் தடிமன் நுழையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நுழையவில்லை என்று இழைகளை வெட்டி ஒல்லியாக்குவது கூடவே கூடாது.

அரை வோல்ட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றால், சில்க் போர்டு ஜங்ஷன் ட்ராஃபிக்கில் நின்று பாருங்கள். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐடிலில்) ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜினோடு ஓடி மின்சாரம் தரும் கருவி, தருவதே குறைவு. மேலே கேபிளும் தின்றால் பாஸ் தொளதொளவென்று ஆகிவிடும். சில ஆம்ப்கள் புரொடெக்ட் விளக்கைப் போட்டுவிட்டு அணைந்தே போகும். (பாட்டுக்கு ஏற்ப ஹெட்லைட் மங்கினால் அது பேட்டரி, ஆல்டர்னேட்டர் சமாச்சாரம், தடிமனான கேபிள் அதைத் தீர்க்காது.)

4. கேஜ் எண்ணும் செம்பும்

கேஜில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 8 கேஜ் சுமார் 8.4 ஸ்கொயர் எம்எம், 4 கேஜ் 21, 0 கேஜ் 53. மலிவு கிட்டுகளில் இந்த எண்ணை நம்பாதீர்கள். ரப்பர் தடியாக இருக்கும், உள்ளே கம்பி ஒல்லியாக இருக்கும். "எத்தனை ஸ்கொயர் எம்எம் அண்ணா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை.

அடுத்து, ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. '4 கேஜ்' என்று விற்கும் கேபிளில் உள்ளே 10 ஸ்கொயர் எம்எம் அலுமினியம்தான் இருக்கிறது என்றால், நம் கணக்கில் 0.8 வோல்ட் போய்விடும். வெள்ளீயம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் சுரண்டினால் சிவப்பு தெரியும்.

5. ஃப்யூஸ், எர்த்

மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது கேபிளை, ஆம்ப்பை அல்ல. கேபிள் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வரைக்கும் உள்ள துண்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கேபிள் தாங்கும் அளவைவிடப் பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். நம் உதாரணத்துக்கு 60 சரி. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகடு) ஓட்டையில் ரப்பர் குரோமெட், அதாவது கேபிள் உரசாமல் காக்கும் வளையம், கட்டாயம்.

எர்த் கேபிளும் (ஆம்ப்பிலிருந்து கார் பாடிக்குப் போவது) அதே தடிமன், அரை மீட்டருக்குள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைப் பளபளவென்று தகடு தெரியும்வரை சுரண்டுங்கள்.

6. சோதனை

இன்ஜின் ஓடட்டும், பாஸ் உள்ள பாட்டைச் சத்தமாக வையுங்கள். மல்டிமீட்டரில் பேட்டரி முனைகளிலும் ஆம்ப் முனைகளிலும் வோல்ட்டேஜ் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளைத் திட்டுவதற்கு முன் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பெயிண்ட் பாதிதான் போயிருக்கும்.